மோட்டாருக்கு நீர் பிரியாத நாள்

சொர்ர்ர்ரென்று ஒரு சத்தம். கல்யாணமான புதிதில், எண்ணூர் முகத்துவாரத்தில் தேசப்பன் அதை முதலில் கேட்டான். மாமனார் சீராகக் கொடுத்த பழைய படகு மோட்டார், பின்பக்கத் துளை வழியாக மெல்லிய தாரையாகத் தண்ணீர் விட்டபடி ஓடியது. “இந்தத் தாரை வுழுற வரிக்கும் இன்ஜின் சூடாவாது மாப்ளே” என்றார் மாமனார். அதுவே அவனுக்கு வேதமாயிற்று.

அந்தத் தாரை நின்றது. எந்த நாளில்? புயல் வருகிறது, கடலுக்குப் போகாதீர்கள் என்று ஒலிபெருக்கி ஊரெல்லாம் கத்திவிட்டுப் போன மறுநாள்.

“ஊரே கரையில கீது. நாம போனா மீனு மொத்தமும் நம்பளுக்குத்தான்” என்று தோஸ்து டில்லிபாபுவோடு முந்தின சாயங்காலமே முடிவு செய்திருந்தான். ஆளுக்கொரு படகு. மனைவி குணசுந்தரி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அப்போதே அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

காலையில் வாசலில் தண்ணீர் டிரம்முக்குள் மோட்டாரை இறக்கிக் கயிற்றை இழுத்தான். டபடபவென்று உயிர் வந்தது. தாரை வரவில்லை. பதறி அணைத்தான்.

“தண்ணி வர்லமே!”

“வயசாச்சில்லய்யா. நீர்க்கடுப்பா இருக்கும்.”

“நக்கலா? ஓட்னா இன்ஜினு வெந்துடும்!”

டில்லிபாபு வந்து எட்டிப் பார்த்தான். “இன்னா மாமு, தொட்டுப் பாத்தியா? சுடுதா?”

தேசப்பன் கையை நீட்டினான். குணசுந்தரி பாய்ந்து பிடித்துக்கொண்டாள். “யோவ், வைக்காத! கை வெந்துடும்!”

நாலு பேர் பார்க்க அவள் அவன் கையைப் பிடித்ததேயில்லை. தேசப்பன் உருகிப்போனான்.

“வுடு மாமு, என் படகுல ஏறு.”

“அவரு எப்டி வருவாரு?” என்றாள் குணசுந்தரி. “ரிப்பேர பாதியில வுட்டுட்டு எழுந்தா எங்கப்பன் மோட்டாரு அவர ஜெயிச்சிட்டதா ஆயிடாதா?”

“யாரு தோக்கறது? நீ போடா!” என்றான் தேசப்பன்.

கழற்றினான். தண்ணீர் இறைக்கும் ரப்பர் சக்கரம், இறக்கை உடையாமல் புதுசாகச் சிரித்தது. சூடேறினால் திறந்து தண்ணீர் விடும் தெர்மோஸ்டாட்டைக் கம்பியில் கட்டி, அவள் சோற்றுக்கு வைத்த உலையில் முக்கினான். ஒழுங்காகத் திறந்தது. எல்லாம் நன்றாக இருந்தது. தாரை மட்டும் இல்லை. அன்று வீட்டில் சோறும் இல்லை.

மத்தியானம் கடல் எழுந்தது. முகத்துவாரத்தில் டில்லிபாபுவின் படகு கவிழ்ந்தது. கால் நசுங்கியவனை நாலு பேர் தூக்கி வந்தார்கள். தேசப்பன் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

மறுநாள் காலை குணசுந்தரி தாலிச் சரட்டிலிருந்து ஊக்கைக் கழற்றினாள். துளைக்குள் விட்டு நெம்பினாள். வலை நூல் சுருணை ஒன்று வெளியே வந்தது.

“இப்ப இழு.”

சொர்ர்ர்.

“நீயா அடச்சே?”

“சொன்னா நின்னுருப்பியா?”

கோபப்பட வாயைத் திறந்தான். கையில் ஊக்கும், கழுத்தில் தாலியுமாக அவள் நின்றாள். அவன் கண் கலங்கியது. ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருந்தது.

“அப்ப நேத்து என் கையப் புடிச்சியே, குணா?”

“உள்ள தண்ணி ஓடிக்கினுதானே இருந்துச்சி? இன்ஜினு ஜில்லுனு இருந்துச்சி. தொட்டா தெரிஞ்சிடாது?”

டில்லிபாபு பிழைத்துக்கொண்டான். கால் நேராகவில்லை. இப்போது காசிமேட்டில் ஐஸ் கடை வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறான்.