சலூன்காரர் மகளின் தொப்பி

"தொப்பியைக் கழட்டாதடி செல்லம்," என்று சலூன்காரர் மறுபடியும் கெஞ்சினார்.

இரண்டு வயதுச் சுண்டு அதைக் கழற்றித் தண்ணீர் வாளிக்குள் போட்டாள். உச்சந்தலையில் வட்டமாய் முடி கொட்டி, ஓரம் சிவந்து, செதில் செதிலாக உரிந்திருந்த இடம் பளிச்சென்று தெரிந்தது. படர்தாமரை. அடுத்தவர் தலையைப் பார்த்தே பிழைக்கிறவருக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அவர் கடை சுத்தத்துக்குப் பேர்போனது. கண்டிப்புக்கும்தான். போன வருடம் மருந்துக்கடைக்காரர் தலையில் இதேபோல் ஒரு வட்டத்தைக் கண்டதும் கத்திரியைக் கீழே வைத்து, "குணமானப்புறம் வாங்க" என்று பாதி வெட்டிய தலையோடு தெருவில் இறக்கிவிட்டவர் அவர். இப்போது அவர் வீட்டிலேயே வட்டம். கேள்விப்பட்டால் எவன் வந்து நாற்காலியில் உட்காருவான்?

"பேசாம டாக்டர்கிட்ட போயிடலாங்க," என்றாள் மனைவி.

"கிளினிக் நம்ம கடைக்கு எதிர்லயே இருக்கு. அங்க உட்கார்ந்திருக்கறவன் எல்லாம் என் கஸ்டமர். வெளிய தெரிஞ்சா கடையைப் பூட்டிட்டு, வீட்ல உட்கார்ந்து துணி மடிக்க வேண்டியதுதான்."

"அதையாவது ஒழுங்கா மடிப்பீங்களா?"

காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிடலாமென்று மருந்துக்கடைக்குப் போனார். கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"களிம்பு யாருக்குண்ணே?"

"ஃப்ரெண்டுக்கு."

"பாதி முடி வெட்டின ஃப்ரெண்டுக்கா?"

சலூன்காரர் பாக்கிச் சில்லறையை வாங்காமலே வந்துவிட்டார்.

களிம்பைப் பூசினால், சுண்டு ஓடிப்போய்த் தலையணையிலும் அம்மா தோளிலும் துடைத்துவிட்டு வந்தாள். பூச வசதியாக இருக்கட்டுமென்று அவரே மிஷின் போட்டு முடியை ஒட்ட வெட்டினார். தொழில் தெரிந்தவர் செய்யக்கூடாத வேலை அது. மிஷின் போன வழியெல்லாம் வட்டமும் கூடவே பரவிற்று. அடுத்த வாரம் ஒன்று மூன்றாகியிருந்தது. மிஷினைக் குப்பையில் போட்டுவிட்டு, முயல் காது வைத்த தொப்பி ஒன்றை வாங்கி வந்தார்.

"சளி பிடிச்சிருக்கு, தலையில காத்து படக்கூடாது," என்று சொல்லி, அவள் தினமும் போகும் குழந்தைகள் காப்பகத்தில் விட்டார்.

சாயங்காலம் கூட்டிவரப் போனால், முயல் காது வேறொரு பையன் தலையில் ஆடிக்கொண்டிருந்தது. சுண்டு தாராள மனசுக்காரி. தொப்பி அன்று ஒரு சுற்றுப் போய் வந்திருந்தது.

அந்த வாரமே காப்பகத்தில் பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தொப்பி போட ஆரம்பித்தன.

"நல்ல ஐடியாண்ணே இது," என்றாள் காப்பகம் நடத்தும் அக்கா, அவர் முகத்தைப் பார்க்காமல். "எல்லார் வீட்லயும் வாங்கச் சொல்லிட்டேன்."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது. கொஞ்ச நாளாகவே கடைக்குச் சின்னப் பிள்ளைகள் யாரும் வரவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. விசாரித்தால், "முடி வளர்க்கறான்" என்றார் ஒருவர். "ஊருக்குப் போறோம்" என்றார் இன்னொருவர். விஷயம் கசிந்துவிட்டதென்று முடிவு கட்டினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா?

ஒரு மத்தியானம் சுண்டு தலையைச் சொறிந்து சொறிந்து, விரலில் ரத்தத்தோடு வந்து நின்றாள். "அப்பா, வலி," என்று அவர் மடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. கடையாவது மண்ணாவது என்று பிள்ளையைத் தொப்பியில்லாமல் தூக்கிக்கொண்டு, பட்டப்பகலில் தெருவைக் கடந்து கிளினிக்குக்குள் நுழைந்தார்.

"இத்தனை நாள் ஏன் மறைச்சு வெச்சிருந்தீங்க?" என்றார் டாக்டர்.

"மறைக்கல டாக்டர், தொப்பி போட்டிருந்தா."

"களிம்பு முடியோட வேர் வரைக்கும் போகாது. உள்ளுக்கு மருந்து குடுக்கணும், வாரக்கணக்குல. நல்லாயிட்ட மாதிரி தெரிஞ்சாலும் நான் சொல்லாம நிறுத்தாதீங்க. வீட்ல மத்தவங்க தலையையும் பார்க்கணும். சீப்பு, துண்டு, தொப்பி எல்லாம் தனித்தனியா இருக்கட்டும்."

மறுநாளிலிருந்து எதிர் கிளினிக்கில் குட்டித் தொப்பிகள் வரிசை கட்டின. அதைப் பார்க்கச் சகிக்காமல் சலூன்காரர் கடையைப் பூட்டினார்.

வீட்டில் மருந்து குடிக்கவைப்பது அவர் வேலையானது. அப்பா முதலில் ஒரு கரண்டி குடித்து முகம் சுளித்தால்தான் சுண்டு வாயைத் திறப்பாள். அவர் வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு வேப்பெண்ணெய் குடித்தவர்போல் நடித்தார். நடுநடுவே துணியும் மடித்தார். மனைவி அதைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

ஒரு காலையில் வட்டத்துக்குள் பூனைமுடி தெரிந்தது. எத்தனையோ தலைகளின் முடியைக் கூட்டித் தள்ளிய மனிதர், அந்த நாலு இழையைத் தடவிப் பார்த்து அழுதார்.

டாக்டர், "சுத்தமாப் போயிடுச்சு," என்று சொன்ன அன்று சாயங்காலம், பெற்றோர்கள் கூடும் நேரம் பார்த்துக் காப்பகத்துக்குப் போனார்.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும்," என்றார். "உங்க பிள்ளைங்க தலையில வந்தது என் பொண்ணுகிட்டேர்ந்துதான். தெரிஞ்சும் மறைச்சேன். இனிமே நீங்க வேற கடையிலயே வெட்டிக்குங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன்."

பெற்றோர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் காப்பகத்து அக்காதான் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"இங்க உங்க பொண்ணுக்குத்தாண்ணே கடைசியா வந்துச்சு, மத்த பிள்ளைங்களுக்கெல்லாம் அதுக்கு முன்னாடியே இருந்ததை, உங்களுக்குத் தெரிஞ்சிடக் கூடாதுன்னு நாங்க எல்லாரும் சேர்ந்து மறைச்சு வெச்சிருந்தோம்."