கிளைமாக்ஸ் பாயும் ஐந்தாவது எபிசோடும்

எந்தக் கொலைகாரனும் இதுவரை கிளைமாக்ஸ் பாயிடமிருந்து தப்பித்ததில்லை. கொரியாவில் கொன்றாலும் சரி, நார்வேயில் கொன்று பனிக்குள் புதைத்தாலும் சரி, வெள்ளிக்கிழமை தொடர் வெளியானால் சனிக்கிழமை காலை ஆறரைக்குள் திண்டுக்கல் மலைக்கோட்டை அடிவாரத்து டீக்கடையில் ஆள் பிடிபட்டுவிடுவான். எட்டு எபிசோடு அலைந்து, பெண்டாட்டியைப் பிரிந்து, தூக்கம் கெட்டுத் துப்பறிகிற அத்தனை போலீஸ்காரர்களும் பேசாமல் எங்கள் ஊருக்குப் பஸ் ஏறியிருக்கலாம்.

பாய்க்கு உண்மையான பெயர் ஒன்று உண்டு. ஆதார் அட்டையில் இருக்கிறது. ஜெராக்ஸ் கடைக்காரனான நானே அந்த அட்டையை நான்கு முறை நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒருமுறைகூடப் பெயரைப் படித்ததில்லை. படித்து என்ன ஆகப்போகிறது? அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பேகம்பூரில் அவர் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரரே யோசிப்பார்.

அவர் வேலை தோல் தரம் பிரிப்பது. பதனிடுகிற இடத்தை எங்கள் ஊரில் தோல் ஷாப் என்போம். அங்கே வந்து குவிகிற ஆட்டுத் தோல்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு புரட்டுப் புரட்டி, ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர், கழிவு என்று மூன்று குவியலாகப் போடுவார். முப்பத்தைந்து வருடமாக இதைத்தான் செய்கிறார். ஒரு தோலுக்கு அவர் எடுத்துக்கொள்கிற நேரம், நான் ஒரு தும்மலுக்கு எடுத்துக்கொள்கிற நேரத்தைவிடக் குறைவு.

அதே கையோடுதான் செல்போனையும் எடுப்பார். எந்தத் தொடரானாலும் முதலில் கடைசி எபிசோடு. அதுவும் கடைசி இருபது நிமிடம். பிறகு மனசிருந்தால் நடுவில் ஒன்று. முதல் எபிசோடு பக்கமே போகமாட்டார். ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"தம்பி, தோலு வாங்கப்போறவன் முடியைத் தடவிப் பாத்தான்னா அம்புட்டுத்தான். பளபளன்னுதான் இருக்கும். பொரட்டி உள்பக்கத்தைப் பாக்கணும். கத்தி பட்டுருக்கா, முள்ளு கீறியிருக்கா, எல்லாம் அங்கதான் தெரியும். மொத எபிசோடுங்கிறது முடி தம்பி."

எங்களுக்கு 'மலையடி நடைப்பயிற்சி நண்பர்கள்' என்று ஒரு வாட்ஸப் குழு உண்டு. நூற்று நாற்பது பேர். நடக்கிறவர்கள் பதினைந்து பேர். மிச்சப் பேர் எல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாய் அனுப்புகிற வாய்ஸ் நோட்டுக்காக உட்கார்ந்திருப்பவர்கள். இரண்டே நிமிடம்தான். கொன்றவன் யார், ஏன் கொன்றான், தொடர் என்ன நம்பர். அவ்வளவு. அதைக் கேட்டுவிட்டு நூற்று நாற்பது வீடுகளில் ரிமோட் கீழே வைக்கப்படும். என் மனைவி அதை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டுதான் சப்பாத்திக்கு மாவு பிசைவாள். "பாத்துக் கெட்டுப்போறதுக்கு கேட்டுக் கெட்டுப்போறது நேரம் மிச்சம்" என்பது அவள் கட்சி.

இந்த ஏற்பாடு பிடிக்காத ஒரே ஆள் குழுவிலிருந்த ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். அவர் எதையும் முறைப்படி, முதல் எபிசோடிலிருந்து, நோட்டுப் போட்டுப் பார்ப்பவர். பாய் வலமாக நடந்தால் இவர் இடமாக நடப்பார். காதில் பஞ்சு வைத்திருப்பார். ஒருமுறை ஒரு கொரியத் தொடரைப் பத்து நாளாகச் சேமித்துச் சேமித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் ஒவ்வொருத்தராகச் சாகிற கதை. டீக்கடையில் எங்கள் எல்லோரையும் கூட்டி, பாய் வாயே திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினார். பாயும் மார்க்கத்தின்மேல் ஆணையாகத் திறக்கமாட்டேன் என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். மேனேஜர் டீயை ஆற்றிக்கொண்டே, என்ன இருந்தாலும் அந்த வயசான டாக்டர்தான் பாவம், தங்கமான மனுஷர் என்றார். பாய் ஒரு பெருமூச்சு விட்டார். அவ்வளவுதான். மேனேஜர் டம்ளரை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு வாரம் நடக்க வரவில்லை.

இப்படிப்பட்ட பாயின் கையில் நானே போய் விழுந்த கதைதான் இது.

எங்கள் ஊருக்குப் பக்கத்து ஆத்தூரில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுவிட்டு அணைப்பக்கம் காற்று வாங்கப் போனால் அங்கே ஷூட்டிங். ஏதோ வெப் சீரிஸ். அணையில் பிணம் மிதக்கிறது, போலீஸ் வருகிறது. வேடிக்கை பார்த்த கூட்டத்தில் தொப்பி போட்ட உதவி இயக்குநர் பெண் கண்ணை ஓட்டி, என்னை நோக்கி விரலை நீட்டினாள். "அண்ணா, நீங்க வாங்க. உங்க முகத்துல ஒரு பயம் இருக்கு." இருக்காதா? பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்று வந்த பயம், அது திரும்பிப் போகவே இல்லை.

வெளுத்துப்போன ஒரு சட்டையும் துண்டும் கொடுத்து, கையில் ஒரு சைக்கிளையும் பிடிக்க வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் வந்து வெள்ளை வேன் எந்தப் பக்கம் போனது என்று கேட்பார். நான், "அணைப்பக்கமாப் போச்சுங்கய்யா" என்று சொல்ல வேண்டும். இரண்டே வார்த்தை. முதல் டேக்கில் வாய் திறக்கவில்லை. இரண்டாவதில், "போச்சுங்கம்மா" என்றேன். ஐந்தாவதில் சைக்கிள் ஸ்டாண்டு சாய்ந்து இன்ஸ்பெக்டர் காலில் விழுந்தது. பன்னிரண்டாவது டேக்கில் ஓகே ஆனது. நிஜ வேனாக இருந்தால் அதற்குள் பழநியைத் தாண்டியிருக்கும்.

ஊருக்கு வந்த பிறகுதான் என் நடிப்பு ஆரம்பித்தது. முதல் வாரம், சின்ன ரோல்தான் என்று சொன்னேன். இரண்டாவது வாரம் அது முக்கியமான சாட்சி ஆனது. மூன்றாவது வாரம் விசாரணையே என்னால்தான் திரும்புகிறது என்று என் வாய் சொன்னது; கேட்டுக்கொண்டிருந்த எனக்கே புல்லரித்தது. வேடசந்தூரில் நூல் மில்லில் வேலை பார்க்கிற என் மச்சான், மில் பஸ் முழுக்கச் சொல்லிவைத்து, வெளியாகிற அன்றைக்கு லீவும் போட்டுவிட்டான்.

போஸ்டர் வந்தது. அதைக் குழுவில் போட்ட யாரோ ஒரு மகாராசன் கீழே ஒரு கேள்வியும் போட்டிருந்தான்: பாய், நம்ம ஜெராக்ஸுக்கு என்ன நம்பர்? பாய் பதில் எழுதினார். "பாத்துட்டுச் சொல்றேன்."

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. பாய்க்குத் தாட்சண்யம் கிடையாது. போன வருடம் அவர் சொந்த மருமகன் பாடிப் போட்ட வீடியோவையே கழிவு என்றவர். நூற்று நாற்பது வீடுகளில், சப்பாத்தி மாவுக்கு நடுவில், "ஜெராக்ஸ், கழிவு" என்று அந்தக் கரகரத்த குரல் கேட்கும். நான் அதற்குப் பிறகு இந்த ஊரில்தான் கடை திறக்க வேண்டும்.

தடுத்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன். ஏழு சீசன் உள்ள ஒரு ராஜா காலத்துத் தொடரைப் பாய்க்குச் சிபாரிசு செய்தேன். எப்படியும் இரண்டு மாதம் ஓடும் என்று கணக்கு. அரைமணி நேரத்தில் பதில் வந்தது: "ராணி செத்துப்போறா. ரெண்டாம் நம்பர்." அடுத்து, செல்போன் பார்த்தால் கண்புரை சீக்கிரம் முற்றும் என்று ஒரு டாக்டர் பேசுகிற வீடியோவை அனுப்பினேன். பாய் அந்த வீடியோவையும் கடைசியிலிருந்து பார்த்து, டாக்டர் கண்ணாடிக் கடை விளம்பரத்தில் முடிக்கிறார் என்று கண்டுபிடித்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் வியாழக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்கே போனேன். அவர் வீட்டம்மா பால் சேர்க்காத சுலைமானி டீ கொடுத்தார். நான் டம்ளரைப் பிடித்திருந்த விதத்தில் பாதியைச் சட்டை குடித்தது.

"பாய், ஒரு ஒதவி. நாளைக்கு வர்றதை மட்டும் நீங்க பாக்காம விட்றணும்."

"ஏன் தம்பி?"

"நல்லா இருக்காது பாய்."

"நல்லா இல்லாததைத்தான் தம்பி மொதல்ல பாக்கணும். நல்லாருக்குறது எங்கிட்டு ஓடிப்போகுது?"

அவர் முகத்தில் கிண்டல் இல்லை. வேலையைச் சொல்கிற முகம். மீதி டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் என் வீட்டு டிவி முன்னால் மனைவி, மச்சான், மச்சான் குடும்பம் எல்லாம் உட்கார்ந்தார்கள். முதல் எபிசோடில் நான் இல்லை. இரண்டாவதில் பாதி போனபோது மச்சான் பொறுமையிழந்து ஓட்டச் சொன்னான். ஓட்டி ஓட்டி ஐந்தாவதில் அணை வந்தது. இன்ஸ்பெக்டர் நடந்து வந்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

திரை முழுக்க இன்ஸ்பெக்டரின் முகம். ஓரத்தில் ஒரு முதுகு, ஒரு துண்டு, முக்கால் காது. "அணைப்பக்கமாப் போச்சுங்கய்யா" என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல் இல்லை. மலையைப் பிளந்துகொண்டு வருகிற மாதிரி வேறு எவனோ பேசியிருந்தான். இன்ஸ்பெக்டர் போய்விட்டார். நானும் போய்விட்டேன்.

கடைசியில் ஓடுகிற பெயர்ப் பட்டியலை நிறுத்தி நிறுத்திப் படித்தோம். 'நன்றி: ஆத்தூர் பொதுமக்கள்' என்று இருந்தது.

மச்சான் என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் கேட்டான். "மாமா, உள்ளதைச் சொல்லுங்க. நடிச்சீங்களா, வேடிக்கை பாத்தீங்களா?"

மனைவி மட்டும் என்னைக் காப்பாற்றப் பார்த்தாள். "காது உங்க மாமா காது மாதிரித்தான்டா இருக்கு" என்றாள். அவள் குரலிலேயே நம்பிக்கை இல்லை.

சாயங்காலம் குழுவில் ஆரம்பித்தது. எந்த எபிசோடு, எத்தனாவது நிமிடம் என்று கேட்டார்கள். நான் பதில் போடவில்லை. மேனேஜர், தான் எட்டையும் விரைவாக ஓட்டிப் பார்த்ததாகவும் அன்பருடைய முகம் எங்கும் தென்படவில்லை என்றும் பேங்க் கடிதம் மாதிரி எழுதினார். அதற்குக் கீழே ஒருவர், புளுகுக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று எழுதினார். அதற்கு இருபது பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். கழிவு என்று சொல்லிவிடுவாரோ என்று ஒரு மாதம் நடுங்கியவன் நான். கழிவு என்பதற்கும் முதலில் ஒரு தோல் இருக்க வேண்டும் அல்லவா? இப்போது ஆளே பொய் என்று ஆகிவிட்டது.

சனிக்கிழமை நடக்கப் போகவில்லை. கடை திறந்தேன். பத்திரம் நகலெடுக்க வந்தவர் தாளை நீட்டிக்கொண்டே, "அண்ணே, அது நீங்க இல்லையாம்ல" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார். மத்தியானமே ஷட்டரை இறக்கிவிட்டேன்.

இதில் ஒரு விசித்திரம், பாயிடமிருந்து சத்தமே இல்லை. வெள்ளி சாயங்காலம் வரவேண்டிய வாய்ஸ் நோட்டு வரவில்லை. சனியும் வரவில்லை. உடம்புக்கு முடியவில்லையோ என்று சிலர் விசாரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வந்தது. எப்போதும் இரண்டு நிமிடம் பேசுகிறவர் ஏழு நிமிடம் பேசியிருந்தார். அதைப் பார்த்ததும் நான் மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். மனைவி போனைத் தூக்கிக்கொண்டு அங்கேயும் வந்து ஸ்பீக்கரில் போட்டாள்.

முதல் ஐந்து நிமிடம் தொடரை உரித்தார். எந்த இடத்தில் கத்தி பட்டிருக்கிறது, எந்த இடத்தில் கிழிந்து ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று வரிசையாகச் சொல்லி, மொத்தமும் கழிவு என்று முடித்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"அஞ்சாவது எபிசோடு, இருவத்திரெண்டாவது நிமிசம். ஒரு முதுகு வருது. எல்லாரும் மூஞ்சியத் தேடியிருக்கீங்க. நான் முதுகு பாத்துப் பொழைக்கிறவன். அது நம்ம ஜெராக்ஸ் தம்பி முதுகு. எடது தோளு ஒரு விரக்கடை எறங்கியிருக்கும். தெனமும் காலைல அந்த முதுகுக்குப் பின்னாடிதான் நான் நடக்குறேன், எனக்குத் தெரியாதா? அந்த அதிகாரி பக்கத்துல வந்ததும் அது நடுங்குது பாருங்க. மூஞ்சில பயத்தைக் காட்ட ஆயிரம் பேரு இருக்கான். முதுகுல காட்டணும்னா உள்ள இருக்கணும். படம் கழிவு. முதுகு ஒண்ணாம் நம்பர்."

மனைவி போனை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "திரும்புங்க" என்றாள். திரும்பினேன். "ஆமா, எடது தோளு எறங்கித்தான் இருக்கு. இருவத்தாறு வருசமா நான் பாக்கல" என்றாள்.

அன்று மத்தியானம் நூற்று நாற்பது வீடுகளில் ஐந்தாவது எபிசோடு ஓடியது. மேனேஜர் மறுபடியும் எழுதினார்: மீள்பார்வையில் நடுக்கம் உறுதியானது, வருந்துகிறேன். மில் பஸ்ஸில் எல்லோரும் என் முதுகைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு வந்ததாக மச்சான் போன் செய்தான். அது நடிப்பு இல்லை, பன்னிரண்டாவது டேக்கும் போய்விடக் கூடாதே என்ற நிஜ நடுக்கம் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒண்ணாம் நம்பர் கிடைத்த பிறகு உள்ளதைச் சொல்ல நான் என்ன பைத்தியமா?

திங்கட்கிழமை காலை மலையடியில் பாயைப் பிடித்தேன். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"அஞ்சாவதுல வர்றேன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க பாய்? நீங்கதான் கடேசியை மட்டும் பாப்பீங்களே."

"நீங்க எதுல வர்றீங்கன்னு சொல்லல. மூஞ்சி வரும், வரும்னு மொதல்லருந்து உக்காந்தேன். அஞ்சுல முதுகைப் பாத்துட்டேன். சரி, பின்னால மூஞ்சியும் வருமோன்னு எட்டு வரைக்கும் போனேன்." கண்ணைக் கசக்கிக்கொண்டார். "எவன் கொன்னான்னு தெரியாம ரெண்டு நாளு உக்காந்துருக்குறது இருக்கே. எப்படித்தான் தம்பி பொறுத்துக்கிறீங்க நீங்கள்லாம்?"

நடித்த எனக்கே அந்தத் தொடரில் இரண்டாவது எபிசோடைத் தாண்டி உட்கார முடியவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தார். அப்போதுதான் கவனித்தேன், வலது முழங்காலை இழுத்து இழுத்து வைக்கிறார். பத்து வருடமாக ஒரே பாதையில் நடக்கிறோம். அவர் எனக்குப் பின்னால் வருகிறார் என்பதே அந்த வாய்ஸ் நோட்டு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

இப்போதெல்லாம் வளைவு வந்ததும் நான் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டுகிறேன். நன்றாகக் கட்டியிருக்கிற கயிறுதான். அவிழ்த்து, மெதுவாகக் கட்டினால், அவர் வந்து சேர்ந்துவிடுகிறார்.