டெம்ப்ளேட் அண்ணனும் ஆறு பக்கமும்

ஆராய்ச்சியைத் தொடங்கும் முன்பே கட்டுரையை முடித்துவிட்ட ஒரே மனிதர் உலகத்தில் எங்கள் டெம்ப்ளேட் அண்ணன்தான். கட்டுரையில் விஷயம் இல்லையே தவிர, மற்றதெல்லாம் இருந்தது.

ஜொகூர் பாருவில் முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது எங்கள் அறையில் மூன்று மேசைகள். ஒன்று எனக்கு, ஒன்று லாபிஸிலிருந்து வந்த லெட்சுமிக்கு, ஜன்னலோரம் அண்ணனுக்கு. மூவார் ஊர் நாற்காலிப் பட்டறைகளில் மிஞ்சும் மரத்தூளைக் கலந்து செங்கல் செய்வது அவர் ஆராய்ச்சி. அந்தச் செங்கல்லைக் கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. ஆனால் கட்டுரை எப்படி இருக்க வேண்டும் என்று ஆய்விதழ்கள் தரும் மாதிரிக் கோப்பு, அதாவது டெம்ப்ளேட், எது வந்தாலும் இறக்கிவிடுவார். தலைப்பு எவ்வளவு பெரிது, பக்கத்தின் ஓரத்தில் எவ்வளவு இடம் என்று மனப்பாடமாக ஒப்பிப்பார். எங்கள் கட்டுரைகளில் ஓரம் ஒரு நூல் தப்பினாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

சாப்பிடக் கூப்பிடும் வாட்ஸ்அப் செய்தியில்கூட முதலில் சுருக்கம், பிறகு முக்கியச் சொற்கள்: பசி, ரொட்டி சானாய், உடனே.

"ஏண்ணே, செங்கல்ல எப்பதான் சுடுவீங்க?" என்று ஒரு நாள் லெட்சுமி கேட்டேவிட்டாள்.

"மொதல்ல வீட்ட கட்டணும்லா. அப்பறம்தான் குடி போவணும்."

அந்தச் செமஸ்டருக்குள் ஒரு கட்டுரையாவது ஏற்கப்படாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று துறையில் சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் ஆள் அசைந்தார். ஆறு பக்கத்துக்கு மேல் ஒரு வரிகூடப் போகக்கூடாது என்ற ஆய்விதழ் ஒன்றைப் பிடித்து, அனுப்பியும் விட்டார்.

பதில் உடனே வந்தது. முடிவுகள் பகுதியில், 'உங்கள் முடிவுகளை இங்கே எழுதவும்' என்ற டெம்ப்ளேட் வாசகம் அப்படியே இருந்ததாம். அமைப்பு மிக நேர்த்தி, ஆராய்ச்சியைத்தான் காணவில்லை என்று ஆசிரியர் எழுதியிருந்தார்.

"பாத்தியா, நேர்த்தின்னு சொல்லிட்டாங்க," என்றார் அண்ணன்.

"அலமாக்," என்று தலையில் அடித்துக்கொண்டாள் லெட்சுமி.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை மரத்தூளிலேயே போட்டுப் புரட்டியிருப்பேன். ஆனால் அந்த ஜன்னலோர மேசை காலியாகக் கிடப்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. எங்கள் வேலையை ஓரங்கட்டிவிட்டு மூவாருக்குப் போய்த் தூள் அள்ளினோம். செங்கல் சுட்டு, எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தோம். கணக்கைப் போட்டு அண்ணன் எழுதி முடிக்க, கட்டுரை மறுபடி போனது.

இந்த முறை ஏற்றுக்கொண்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை: ஓரத்து இடம் விதிப்படி இல்லை, சரிசெய்யாவிட்டால் வெளியிட முடியாது.

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணன் கட்டுரையிலா ஓரம் தப்பும்? கோப்பைத் திறந்தேன். கடைசிப் பக்கத்தில் 'நன்றி' பகுதி. ஒரு வரியில் முடிக்க வேண்டியதை நீளமாக எழுதியிருந்தார். நாங்கள் தூள் அள்ளியது, லெட்சுமியின் கை கொப்பளித்தது, நான் திட்டியது வரைக்கும் இருந்தது. அதெல்லாம் ஆறு பக்கத்துக்குள் அடங்க, எல்லாப் பக்கத்திலும் ஓரத்தைச் சுரண்டியிருக்கிறார்.

"நன்றிய வெட்டிடுங்கண்ணே. இல்லாட்டி படிப்பே போயிரும்," என்றேன்.

"அந்தப் படத்த எடுத்துடறேன், ஓரத்துக்கு எடம் கெடச்சிடும்," என்றார், திரும்பிப் பார்க்காமல்.

தூள் செங்கல்லாவதைக் காட்ட, வாரக்கணக்கில் உட்கார்ந்து, கோடு கோடாக நேர்ப்படுத்தி, வருவோர் போவோருக்கெல்லாம் காட்டிய படம் அது.

கட்டுரை வந்தது, பட்டமும் கிடைத்தது. படம் இல்லாத அந்தக் கடைசிப் பக்கத்தை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.