மஞ்சள் சட்டை ராசி

நாலாவது கோல் விழுந்ததும் தலைமைக் கோச் வாயிலிருந்த விசிலை எடுத்து உற்றுப் பார்த்தார். குற்றம் அதன் மேல்தான் என்பதுபோல் துடைத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

கோல் வாங்கியது அவருடைய முதல் அணி. போட்டது அவருடைய ரிசர்வ் அணி. இதற்குச் சந்தோஷப்படுவதா, வயிற்றிலடித்துக்கொள்வதா என்று அவருக்கே விளங்கவில்லை. ஆனால் யாரைத் திட்டுவது என்பதில் அவருக்கு என்றுமே குழப்பம் இருந்ததில்லை.

"வீடியோ, இங்க வாய்யா."

வீடியோ என்பது துணைக் கோச். எதிரணிகளின் பழைய ஆட்டங்களை லேப்டாப்பில் ஓட்டி ஓட்டிப் பார்ப்பதே பிழைப்பாகிவிட்டதால் கிளப்பில் வைத்த பெயர். நாளடைவில் வீட்டில் மனைவியும் கோபம் வந்தால் அப்படியே கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.

சனிக்கிழமை சீசனின் கடைசி ஆட்டம். அதில் தோற்றால் அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிடும். அணி இறங்கினால் துணைக் கோச்சும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று கிளப் தலைவர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அந்த ஆள் எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

எதிரணிக்கு மஞ்சள் சட்டை. அவர்கள் ஆட்டத்தில் நாசூக்கு என்று எதுவும் கிடையாது. பந்து கிடைத்தவன் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் தூக்கி அடிப்பான். அங்கே நெட்டையாக ஒருவன் நிற்பான். அவன் தலையால் முட்டிவிட, மற்ற எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு பாய்வார்கள். நம்மவர்கள் ஆட்டமோ நிதானம். காலுக்குக் கால் சின்னச் சின்ன பாஸாகக் கொடுத்து மெல்ல நகர்வது.

பெரிய ஆட்டத்துக்கு முந்தின வாரம் ரிசர்வ் ஆட்களை எதிரணியாக நடிக்க வைத்து முதல் அணியோடு மோதவிடுவது எல்லா கிளப்பிலும் உள்ள வழக்கம். வீடியோ இதில் ஒரு படி மேலே போய்விடுவார். மஞ்சள் சட்டை மாட்டிவிட்டதோடு நிற்கவில்லை. ரிசர்வில் இருந்த ஒட்டடைக்குச்சி என்ற நெடிய பையனை அந்த நெட்டையனாக ஆக்கி, அவன் சாக்ஸை இழுத்துவிடும் தினுசு, ரெஃப்ரியை முறைக்கும் தினுசு வரைக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்.

"நடிக்கச் சொன்னா இவனுங்க ஏன்யா நிஜமாவே அடிக்கிறானுங்க?"

"நல்லா நடிக்கிறாங்க சார்."

"நாளைக்குக் கொஞ்சம் மட்டமா நடிக்கச் சொல்லு. முதல் அணிக்கு நம்பிக்கை வரணும்."

அன்று சாயந்திரம் அலுவலக அறையில் கோச்சுகளின் கூட்டம் நடந்தது. தலைமைக் கோச்சுக்குப் பிடித்த தலைப்பு கூட்டு முயற்சி. அதைப் பற்றி அவர் தனியாக ஒரு மணி நேரம் பேசுவார். யாரும் குறுக்கே பேசக்கூடாது.

"கூட்டு முயற்சின்னா என்ன? அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாக்கறது. ஆட்டம் வீடியோ பொறுப்பு. அடிபட்டா டாக்டர் பொறுப்பு. உடம்பு ஃபிட்னஸ் மாஸ்டர் பொறுப்பு. புல்லு கிரவுண்ட்மேன் பொறுப்பு. ஒருத்தர் வேலைல இன்னொருத்தர் மூக்கை நுழைக்கக் கூடாது. கேள்வியும் கேக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

புரிந்தது என்று எல்லோரும் தலையை ஆட்டினார்கள். டாக்டர் கொட்டாவியை அடக்கினார். புதிதாகச் சேர்ந்திருந்த ஃபிட்னஸ் மாஸ்டர் பயபக்தியோடு உட்கார்ந்திருந்தார். கிரவுண்ட்மேன் மட்டும் ஏதோ கேட்க வாயைத் திறந்து, கேள்வி கேட்கக்கூடாது என்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார்.

மறுநாள் ஒட்டடைக்குச்சியைத் தனியாக அழைத்து வீடியோ குசுகுசுத்தார். "இன்னிக்கு விட்டுக்கொடுத்து ஆடுங்க. ஆனா விட்டுக்கொடுக்கறது வெளிய தெரியக் கூடாது."

"சரி சார்."

மஞ்சள் சட்டை மூன்று கோலில் ஜெயித்தது.

"என்னப்பா, விட்டுக்கொடுக்கச் சொன்னேனே?"

"விட்டுக்கொடுத்தோம் சார். பந்தை வெச்சுக்கிட்டு நின்னுகூடப் பாத்தேன். அவங்க வந்து எடுத்துக்கல. எவ்வளவு நேரந்தான் சார் நிக்கறது? போரடிச்சு கோல் போட்டுட்டேன்."

வீடியோ கேப்டனிடம் போனார். கேப்டன் முழங்காலில் ஐஸ் மூட்டையைக் கட்டிக்கொண்டு, மேலே மின்விசிறியைப் பார்த்தபடி பெஞ்சில் மல்லாந்து கிடந்தார். கிளப்பில் மிக மூத்த ஆட்டக்காரர். அவரே இப்படிக் கிடந்தால் மற்றவர்கள் கதி என்ன என்று வீடியோவுக்குப் பகீரென்றது.

"என்ன கேப்டன், ஏன் பந்துகிட்ட போகவே மாட்டேங்கறீங்க?"

"கால் வரல சார்."

"ஏன் வரல?"

கேப்டன் தலையைத் திருப்பி அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாததா சார்?"

வீடியோவுக்குத் தெரியவில்லை. ஆனால் தெரியாது என்று ஒரு துணைக் கோச் எப்படிச் சொல்வது? எல்லாம் தெரிந்தவர் மாதிரி கேப்டனின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு வெளியே வந்தார். பயம் என்று முடிவு கட்டினார். மனசில் பயம் புகுந்தால் கால் எப்படி வரும்?

உடனே முதல் அணியை உட்காரவைத்துப் பயத்தை வெல்வது பற்றி நெடுநேரம் பேசினார். பேசி முடித்தபோது ஆட்டக்காரர்கள் முகத்தில் அதுவரை இல்லாத ஒரு பயம் தெரிந்தது.

வீட்டுக்குப் போனால் மனைவி ஸ்டூல் மேல் ஏறி ஜன்னலுக்குப் புதுத் திரை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, நேரா இருக்கா பாருங்க."

"சனிக்கிழமை வரைக்கும் பொறுத்து மாட்டலாமே" என்றார் வீடியோ.

அவள் ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. மேலிருந்தபடியே பேசினாள். "கல்யாணமாகி எத்தனை ஊர் மாறியாச்சுன்னு எனக்கே கணக்கு விட்டுப்போச்சு. இந்த ஊர்லதான் பொண்ணுக்கு ஒரு சிநேகிதி கிடைச்சிருக்கா. நேத்து ரெண்டும் ஒரே சடையா பின்னிக்கிட்டு நிக்குதுங்க. இன்னொரு தடவ பெட்டி கட்டணும்னா நீங்க மட்டும் கட்டிக்கிட்டுப் போங்க."

"ஜெயிச்சிடுவோம்."

"யாரு ஜெயிப்பா? உங்க முதல் அணியா, ரிசர்வ் அணியா? கடைக்காரர்கூடக் கேட்டுச் சிரிக்கறாரு."

வீடியோ அன்று சரியாகச் சாப்பிடவில்லை. வேலை போவது ஒரு பக்கம்; மகளும் சிநேகிதியும் சேர்த்துப் பின்னிய அந்தச் சடையை எப்படிப் பிரிப்பது என்பதுதான் அவரை அதிகம் வதைத்தது.

அடுத்த யோசனை தலைமைக் கோச்சுடையது. இதைவிட ஒரு சுலபமான வழி உண்டா என்று அவர் கேட்ட விதத்தில், இத்தனை நாள் தோன்றாமல் போனது மற்றவர்கள் தப்பு என்று ஆகிவிட்டது.

"ரிசர்வ்தானே ஜெயிக்கறாங்க? அப்ப அவங்கதான் நாளைலருந்து முதல் அணி. இதுவரைக்கும் முதல் அணியா இருந்தவங்க மஞ்சள் சட்டை போட்டுக்கட்டும். எல்லாரும் கேட்டுக்கங்க, நாளைக்கு முதல் அணி இவங்கதான்."

ஒட்டடைக்குச்சி சந்தோஷத்தில் வீட்டுக்கு போன் போட்டான். கேப்டன் கௌரவம் போய்விட்டதே என்று வருந்துவார் என எதிர்பார்த்தால், அவர் விசிலடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். வீடியோ அதையும் புரியாதவற்றோடு சேர்த்து வைத்தார்.

மறுநாள் மஞ்சள் சட்டை ஐந்து கோலில் ஜெயித்தது.

நேற்று வரை கால் வராத கேப்டன் கன்றுக்குட்டி மாதிரி துள்ளினார். நேற்று வரை பறந்த ஒட்டடைக்குச்சி பாதி மைதானத்தில் கையை இடுப்பில் ஊன்றி நின்றுவிட்டான்.

"உனக்கென்னப்பா ஆச்சு?"

மூச்சு வாங்கியதில் அவனுக்குப் பேச்சு வர நேரமாயிற்று. "முதல் அணியில இருக்கறது இவ்வளவு கஷ்டம்னு தெரியாது சார். அவங்களைப் பத்தித் தப்பா பேசிட்டேன். மன்னிச்சிருங்க."

பொறுப்பின் பாரம் என்று வீடியோ நினைத்துக்கொண்டார். அவருக்குத் தலை சுற்றியது. இந்தப் பக்கம் வந்தால் தோற்கிறான், அந்தப் பக்கம் போனால் ஜெயிக்கிறான். ஆள் அதே ஆள், கால் அதே கால், பந்தும் அதே பந்து.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள அடுத்த நாள் மறுபடி மாற்றிப் பார்த்தார்கள். பழைய ஆட்களே முதல் அணி, ரிசர்வுக்கே மஞ்சள் சட்டை. மஞ்சள் சட்டை ஜெயித்தது. ஒட்டடைக்குச்சி திரும்பவும் பறந்தான். கேப்டன் திரும்பவும் மின்விசிறியைப் பார்த்துப் படுத்தார்.

சட்டை துவைக்கும் அம்மா மஞ்சள் சட்டைகளைத் தனியாக மடித்து வைக்க ஆரம்பித்தார். டாக்டர் ஒரு சட்டையை முகர்ந்து பார்த்தார். முதல் அணிக்கும் மஞ்சளே கொடுத்தால் என்ன என்று கிரவுண்ட்மேன் கேட்டார். அப்போது யார் யாருக்கு பாஸ் கொடுப்பது என்று யாரோ கேட்டதும் அந்த யோசனை படுத்துவிட்டது.

தலைமைக் கோச் மட்டும் மேஜையைத் தட்டி எழுந்தார். அவர் முகத்தில் ஞானம் வந்திருந்தது.

"சட்டையில ஒண்ணுமில்லய்யா. ஆட்டத்துல இருக்கு. எவன் அவங்கள மாதிரி ஆடறானோ அவன் ஜெயிக்கறான். வாரம் பூரா கண்ணு முன்னாடி நடக்குது, நமக்குத்தான் புத்தி வரல. சனிக்கிழமை நாம அவங்க ஆட்டத்தையே ஆடறோம்."

"சார், நம்ம நிதானம், பாஸ்..."

"நிதானமா இரண்டாம் டிவிஷனுக்குப் போகணுமா?"

வீடியோ சாக்பீஸை எடுத்துக்கொண்டார். ஆறு வருஷமாகக் காலுக்குக் கால் பாஸ் சொல்லிக்கொடுத்த மனுஷன், வெள்ளிக்கிழமை பூராவும் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி அடிப்பது எப்படி என்று பலகையில் படம் போட்டு விளக்கினார். தான் பாடுபட்டுக் கட்டியதைத் தானே இடிக்கிற வேதனை அவருக்கு. கேட்டவர்களில் பாதிப் பேர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்கள்.

"பாருய்யா, நாளைக்கு ஆட்டத்த வெச்சுக்கிட்டு என்னமா தூங்கறானுங்க" என்று தலைமைக் கோச் பூரித்தார். "பயம் போயிடுச்சு."

ஆட்டம் எதிரணியின் ஊரில். தூரம் அதிகம் என்பதால் இருட்டோடு பஸ் கிளம்பிவிட்டது. வழி நெடுக ஆட்டக்காரர்கள் காலை நீட்டிக் குறட்டை விட்டார்கள். கோச்சுகள் வரிசையில் யாருக்கும் தூக்கமில்லை. டாக்டர் நகத்தைக் கடித்தார். ஃபிட்னஸ் மாஸ்டர் ஜன்னலில் நெற்றியை முட்டிக்கொண்டு இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். வீடியோ கண்ணுக்குள் பெட்டிகளை அடுக்கிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

ரெஃப்ரி விசில் ஊதினார். கேப்டன் முதல் பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி அடித்தார். அது கூட்டத்துக்குள் போய் விழுந்தது. வீடியோ முகத்தை மூடிக்கொண்டார்.

விரலிடுக்கில் பார்த்தபோது நடந்ததை அவரால் நம்ப முடியவில்லை. தூக்கி அடித்த பந்து எங்கே விழுந்தாலும் அங்கே நம்ம ஆள் ஒருவன் முன்னாலேயே போய் நின்றான். தப்பாக அடித்த பந்துக்கும் துரத்திக்கொண்டு போனார்கள். ஒருவன் விட்டதை இன்னொருவன் எடுத்தான். உண்மையில் கொஞ்ச நேரத்திலேயே தூக்கி அடிப்பதை மறந்து பழைய பாஸ் ஆட்டத்துக்கே திரும்பிவிட்டார்கள். தலைமைக் கோச் அதைக் கவனிக்கவில்லை. மஞ்சள் சட்டைக்காரர்கள் நாக்கைத் தொங்கவிட்டார்கள். மூன்றுக்குப் பூஜ்யம்.

கடைசி விசில் கேட்டதும் வீடியோ புல்லில் உட்கார்ந்து அழுதார். பிறகு மனைவிக்கு போன் செய்தார்.

"நாம எங்கயும் போகல" என்றார். அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

பத்திரிகைக்காரர்கள் தலைமைக் கோச்சைச் சூழ்ந்துகொண்டார்கள். எதிரியைப் போல ஆடி எதிரியை வெல்லும் தன்னுடைய புது முறையை அவர் கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். அடுத்த சீசன் முழுக்க, ஒவ்வொரு வாரமும் எந்த அணியோடு மோதுகிறோமோ அந்த அணி மாதிரியே ஆடப்போவதாக அறிவித்தார். கிளப் தலைவர் சிரித்துக்கொண்டே வந்து வீடியோவின் கையைக் குலுக்கி, அந்த முறையை ஒரு பயிற்சி வகுப்பாக நடத்தும் பொறுப்பையும் அவர் தலையில் கட்டினார். வீடியோவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மகிழ்ச்சியாக இருந்தது.

எல்லோரும் பஸ் ஏறும் நேரத்தில் ஃபிட்னஸ் மாஸ்டர் தயங்கித் தயங்கி வந்து அவரை ஓரமாக அழைத்துப் போனார். பேயறைந்த முகத்தோடு நின்றார்.

"என்ன மாஸ்டர், ஜெயிச்ச நாள்ல இப்படி இருக்கீங்க?"

"பெரிய கோச்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார், யாரை முதல் அணின்னு சொன்னாலும் தினமும் நீங்க வர்றதுக்கு முன்னாடியே அவங்களை மேட்டு ரோட்டுல நாக்கு தள்ளுற வரைக்கும் ஓட வெச்சுத்தான் உங்ககிட்ட அனுப்பினேன், இன்னிக்கு ஒரு நாள்தான் பஸ் சீக்கிரம் கிளம்பிட்டதால ஓட வைக்க முடியாமப் போச்சு."