வெள்ளித்தலையனின் காதுகுத்துத் தகராறு

ஆங்கிலம் தெரியாமல் ஆங்கிலப் படம் பார்ப்பது குற்றமில்லை. பார்த்துவிட்டு வந்து கதை சொல்வதுதான் குற்றம். அதை நான் ஏழு வருடம் செய்தேன்.

வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் மருந்து அடிக்கும் வேலையில் இருந்தேன். ஒரு விண்வெளிப் படத் தொடர் மேல் எனக்குப் பைத்தியம். புதுப் பாகம் வந்தால் லீவு போட்டுக் கோட்டயத்துக்கு பஸ் ஏறிவிடுவேன். மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொள்வார்கள். கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சின்னத்தாயி அக்கா, "ஏலே முருகேசா, வெள்ளித்தலையன் என்னலே சொன்னான்?" என்பாள். அவன்தான் வில்லன், தலை முழுக்கப் பளபளவென்று வெள்ளி. அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் சொன்னேன்.

முதல் பாகத்தில் அவன் கதாநாயகனின் காதையே உற்றுப் பார்த்தான். ஒருமுறை தொட்டும் பார்த்தான். ஏன் காது? மூன்று நாள் யோசித்தேன். (பள்ளிக்கூடத்தில் இப்படி யோசித்திருந்தால் மருந்து அடித்திருக்க மாட்டேன்.) அப்புறம் பிடிபட்டது: அவன் தாய்மாமன்! காதுகுத்துக்கு முறைப்படி அழைக்கவில்லை. பையனை மடியில் வைத்துக் காது குத்தும் உரிமையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அந்தக் கோபத்தில்தான் கிரகம் கிரகமாகக் கொளுத்துகிறான். "கொளுத்தாம என்ன செய்வான்?" என்றார்கள் பெண்கள் ஒரே குரலில். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்ச நாளில் நானே அதை நம்பிவிட்டேன்.

இந்தக் கதைகளால் எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று பெயர் பரவியது. தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல ஆள் தேடினார்கள். சூப்பர்வைசர் தங்கராசு அண்ணன் மேனேஜரிடம் என் பெயரைச் சொல்ல, திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். முதுகில் மருந்துப் பம்பு இல்லை, காலில் அட்டைக்கடி இல்லை. அந்த வேலை எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

முந்தின நாள் ஞாயிறு. தொடரின் புதுப் பாகம், முதல்முறையாகத் தமிழ் பேசிக்கொண்டு கம்பத்துக்கு வந்திருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரே கொண்டாட்டம். மூன்று ஜீப்பில் குமுளி மலை இறங்கினோம். தங்கராசு அண்ணனும் வந்தார். வெள்ளித்தலையன் தமிழில் வாயைத் திறந்தால் என் கதி என்ன என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

படம் தொடங்கிப் பத்தாவது நிமிடம் வெள்ளித்தலையன் திரும்பி நின்று, "நான் இயந்திரம். எனக்குத் தாயில்லை, உடன்பிறப்பில்லை" என்றான்.

"பொய் சொல்லுதான்!" சின்னத்தாயி அக்கா எழுந்தே விட்டாள். "அக்காக்காரி இருக்கா! மனசு வெறுத்துப் பேசுதான்!"

கதாநாயகன் காதில் இருந்தது கண்காணிப்புக் கருவியாம். "மூடி மறைக்கானுவ" என்றாள் பக்கத்தில் இருந்தவள். பின்வரிசைக்காரர் ஒருவர், "ஏம்மா, படம் பாக்க விடுங்கம்மா" என்று கெஞ்சினார். அக்கா அவரிடம், "முன்கதை தெரியாம பாத்தா எப்படி வெளங்கும் அண்ணாச்சி?" என்று காதுகுத்திலிருந்து ஆரம்பித்தாள். நான் இருக்கைக்கு அடியில் புகுந்துகொள்ள இடம் இருக்கிறதா என்று பார்த்தேன்.

இடைவேளையில் தங்கராசு அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"உனக்கு இங்கிலீசு தெரியுமாடே?"

"கொஞ்சம்ணே."

"எவ்வளவு?"

"'ரன்'னு கத்துனா ஓடணும்னு தெரியும்ணே."

அவர் சிரிக்கவில்லை. "நாளைக்கு மருந்து அடிக்கவே வந்துரு" என்றார்.

கடைசியில் கதாநாயகன் வெள்ளித்தலையனை வெட்டிச் சாய்த்தான். தியேட்டரே விசிலடித்தது. எங்கள் இரண்டு வரிசை மட்டும், "தாய்மாமன கொன்னுட்டானே பாவி" என்று அழுதது. வேலை போன துக்கத்தில் நானும் அழுதேன். அதில் பாதி மாமனுக்காகத்தான்.

அதன் பிறகு இரண்டு வருடம் பம்பு சுமந்தேன். ஆனால் ஒரு கேள்வி என்னை விடவே இல்லை: அவர்கள் அத்தனை நேரம் என்னதான் பேசிக்கொண்டிருந்தார்கள்? அகராதி வாங்கினேன், ஆங்கிலப் பேப்பரை எழுத்துக்கூட்டினேன். பிறகு அதே வழிகாட்டி வேலையும் கிடைத்தது. பழைய பாகங்கள் எல்லாவற்றையும் போனில் மறுபடி பார்த்தேன். பெரும்பாலும் எரிபொருள் எவ்வளவு மிச்சம் என்றுதான் பேசியிருக்கிறார்கள். இதற்கா கோட்டயம் வரை போனேன் என்று இருந்தது.

போன மாதம் கடைசிப் பாகம் வீட்டு டிவியில் ஓடியது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சின்னத்தாயி அக்காவும் வந்திருந்தாள். நான் ஒவ்வொரு வசனத்தையும் பிழையில்லாமல் மொழிபெயர்த்துச் சொன்னேன். அக்கா கால்மணி நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு என் மகளிடம் திரும்பினாள்.

"உங்கப்பனுக்கு இங்கிலீசு தெரிஞ்ச பொறவு கதையே நல்லால்ல பாப்பா. அந்தச் சத்தத்த அமத்து."

மகள் டிவியின் சத்தத்தை நிறுத்தினாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்த ஆங்கிலப் படம் வந்தாலும் ஊமையாகத்தான் ஓடுகிறது. எல்லோரும் டிவியை விட்டுவிட்டு என் வாயைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்.