நம்முடையதல்ல என்று சொன்ன கேம் ஷாஃப்ட்

என்னை நம்பி அந்தக் காலத்தில் யாரும் ஒரு பூட்டுச் சாவியைக்கூடக் கொடுத்ததில்லை. பதிலுக்கு நானும் ஒருவரையும் நம்பியதில்லை. பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு, கொழும்பில் எச்சில் தட்டு கழுவி, மூணாறில் மலைக்காய்ச்சலில் கிடந்து, செங்கோட்டை பஸ்ஸில் கிளீனராக இருந்து, போன இடத்திலெல்லாம் மூட்டையைத் தலைக்கு வைத்துத் தூங்கிப் பழகியவன். (மூட்டைக்குள் திருடும்படி ஒன்றும் இல்லை. இருந்தாலும் அது என் மூட்டை.) அப்படிப்பட்டவன், தன்னைவிடப் பெரிய சந்தேகக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தால் உருப்படுமா?

யுத்த காலம். திருவனந்தபுரம் ஆரியசாலையில் மிளகும் சுக்கும் மொத்தமாக விற்ற கோலப்ப பிள்ளையிடம் கார் கழுவிக்கொண்டிருந்தேன். முதலாளி நாஞ்சில் நாட்டுக்காரர். கோயிலுக்குப் போனால் ஒரு செருப்பை இந்த மூலையிலும் மற்றதை அந்த மூலையிலும் கழற்றிப் போடுவார். ஜோடி சேராவிட்டால் திருடனுக்கு எடுக்க மனசு வராதாம். கடையை விட்டு எந்தப் பொருள் வெளியே போனாலும் ரகசியமாக ஓர் அடையாளம் போட்டுத்தான் அனுப்புவார். மூட்டைத் தையலுக்குள் ஒரு சிவப்பு நூல், குடைக் கம்பியில் ஒரு கீறல், இப்படி.

அவருடைய டிரைவர் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். அந்தத் துக்கத்தாலோ என்னவோ காரும் படுத்துவிட்டது. கரமனை தாண்டி முதல் ஏற்றத்திலேயே இருமிக்கொண்டு நின்றது. எஞ்சினைப் பிரித்தேன். கேம் ஷாஃப்ட் தேய்ந்திருந்தது. அது வால்வுகளைத் தூக்கி இறக்கும் நீளமான இரும்புத் தண்டு. அதில் முட்டை வடிவத்தில் வரிசையாகப் புடைப்புகள் இருக்கும். முட்டைகள் மழுங்கிவிட்டால் வால்வு சரியாகத் திறக்காது, வண்டி இழுக்காது. யுத்தத்தில் புதுத் தண்டுக்கு எங்கே போவது? பழையதையே சாணை பிடித்துச் சரிசெய்ய வேண்டும்.

முதலாளிக்கு அவசரம். மகளுக்குச் சுசீந்திரத்தில் கல்யாணம் வைத்திருந்தார். பெண்ணைச் சொந்தக் காரில் கொண்டுபோய் இறக்குவதாகச் சம்பந்தி வீட்டில் சொல்லியும் விட்டார்.

"லேய் இசக்கி, கல்யாணத்துக்கு முன்ன வண்டி ஓடிச்சின்னா நீதாம்லே டிரைவர். ஓடலைன்னா மூட்டையக் கட்டிக்கோ" என்றார்.

டிரைவர்! சீட்டில் உட்கார்ந்து, கீழே நடக்கிறவர்களைப் பார்த்து ஹார்ன் அடிக்கிற வேலை. அதற்காக அந்தத் தண்டை நானே நாக்கால் நக்கித் தேய்த்திருப்பேன்.

கரமனையில் மத்தாயி மேஸ்திரி என்று ஒருவர் பட்டறை வைத்திருந்தார். கேம் சாணை பிடிக்கும் யந்திரத்தைத் தானே செய்தவர். செய்ததைவிட அதிகமாகத் தம்பட்டம் அடிப்பவர். யாரும் தொழிலைத் திருடிவிடக் கூடாது என்று யந்திரத்துக்கு முன்னால் சாக்குத் திரை கட்டியிருந்தார். திரை என்றதுமே முதலாளியின் முகம் மாறியது.

"மறைச்சு வச்சுல்லா வேலை செய்யான்? நல்லதை எடுத்துக்கிட்டு ஓட்டையைக் குடுத்துருவான். அடையாளம் போட்டுக் கொண்டு போலே."

போட்டேன். தண்டு முழுக்கக் கறுப்பு எண்ணெய்ப் பிசுக்கு. முட்டைகளின் உச்சி மட்டும் பளபளவென்று இருந்தது. அடையாளம் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா? முதல் முட்டையின் உச்சியிலேயே அரத்தை வைத்து ஆழமாக ஒரு வெட்டு வெட்டினேன். (என் புத்திசாலித்தனத்தை எண்ணி அன்று ஒரு சாயா கூடுதலாகக் குடித்தேன்.) முதலாளி தண்டை வெள்ளிக்கோலில் தொங்கவிட்டு மிளகு நிறுப்பதுபோல எடையும் பார்த்துக்கொண்டார்.

வேலை முடிந்ததாகச் சொல்லி அனுப்பினார் மேஸ்திரி. முதலாளி வெள்ளிக்கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூடவே வந்தார். தண்டு கண்ணாடி மாதிரி மின்னியது. முதல் முட்டையைத் தடவினேன். கடைசி முட்டையையும் தடவினேன். வெட்டு இல்லை.

"முதலாளி, இது நம்ம சாமான் இல்லை."

முதலாளி கோலில் தூக்கினார். "பாத்தியாலே! எளச்சும் போயிருக்கு."

"எந்தா இது, கேலியோ? ஆளைக் களியாக்குதா?" என்று மத்தாயி மேஸ்திரி இடுப்பில் கை வைத்தார். "தேய்ச்சா எடை குறையாதோ? சந்தனக்கட்டையைத் தேய்ச்சிட்டு நிறுத்துப் பாக்குமோ?"

"எடை கெடக்கட்டும். எங்க அடையாளம் எங்கே?" என்றேன் நான், சட்டம் படித்தவன் மாதிரி.

"எந்து அடையாளம்? எவிடெ இட்டு?"

நான் வாயைத் திறந்தேன். முதலாளி என் காலை மிதித்தார். "சொல்லாதலே! சொன்னா உள்ள கொண்டுபோயி ஒண்ணு போட்டுட்டு வந்துருவாரு."

அதற்குள் தெருவே கூடிவிட்டது. மேஸ்திரி கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். "கேட்டோ எல்லாரும்! கூலி தராமலிருக்க ஒரு அடவு!"

கூலியைச் சொன்னதும் முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. கோயில் இருக்கும் கிழக்கேகோட்டைத் திசை பார்த்துக் கும்பிட்டு, "பத்மநாப சாமி மேல ஆணை, இது என் சாமான் இல்லை" என்றார். நானும் விடவில்லை. "எனக்கும் அதே ஆணை" என்றேன்.

கூட்டத்தில் தம்பானூர் டாக்சிக்காரர் அலியார் நின்றிருந்தார். எங்கள் காரைப் போலவே அவருடையதும் கேம் ஷாஃப்ட் தேய்ந்து ஷெட்டில் கிடந்தது. ஒரே கம்பெனி, ஒரே மாடல். அவர் மெல்ல முன்னால் வந்து, "ஆர்க்கும் வேண்டாமெங்கில் நான் எடுத்துக்கட்டே?" என்று கேட்டார்.

"கொண்டு போம்! திருட்டு மொதலு வெளங்காது" என்றார் முதலாளி.

அலியார் அங்கேயே மேஸ்திரிக்குக் கூலியைக் கொடுத்து, தண்டைப் பிள்ளை மாதிரி துண்டில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "சாமான் போச்சு. இனி சொல்லு, அடையாளம் எவிடெ இட்டாய்?"

"முதல் முட்டை உச்சியிலே. அரத்தால ஒரு வெட்டு."

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். பிறகு கத்தினார். "எடா மகாபாவி, அது நீயோ! சாணைக்கல் ஓடுற இடமாக்கும் அது! உன் வெட்டு மாயணும்னு எல்லா முட்டையையும் கூடுதலாத் தாழ்த்தி, நான் பட்ட பாடு எனக்காக்கும் தெரியும்!"

முதலாளி தெருமுனையைப் பார்த்தார். அலியாரைக் காணவில்லை. கூப்பிட்டுத்தான் என்ன பயன்? ஊர் கேட்க சாமிமேல் ஆணையிட்ட வாய். வெள்ளிக்கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆரியசாலை வரை நடந்தார். ஷெட் வாசலில் நின்று, "ஒம் மூட்டையும் நம்ம சாமான் இல்ல. எடுத்துட்டுப் போ" என்றார்.

எனக்குப் போக்கிடம் இல்லை. நேரே தம்பானூர் போய் அலியாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கார் ஃபுட்போர்டில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தார். "நீ கள்ளனில்லை, வெறும் மண்டன். மண்டனை வேலைக்கு வைக்கலாம்" என்று வண்டியைக் கிளப்ப ஹாண்டில் சுற்றுகிறவனாகச் சேர்த்துக்கொண்டார்.

முதலாளி மகள் கல்யாணத்துக்கு வாடகை வண்டி கேட்டு ஆரியசாலையிலிருந்து ஆள் வந்தது. பெட்ரோல் கூப்பனோடு ஓடும் நிலையில் இருந்த வண்டி அன்று அலியாருடையதுதான். முதலாளி பட்டு வேட்டியோடு வந்தார். முன்னால் குனிந்து ஹாண்டில் சுற்றிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், ஏறி உட்கார்ந்தார். வண்டி ஒரே சுற்றில் கிளம்பியது. கரமனை தாண்டி அந்த ஏற்றத்தில் இருமாமல், தும்மாமல், பாட்டுப் பாடிக்கொண்டு ஏறியது. முதலாளி எஞ்சின் பக்கமே காதைச் சாய்த்துக்கொண்டு வந்தார்.

"அப்பா, நம்ம வண்டிய விட இது நல்லா இழுக்குல்லா?" என்றாள் கல்யாணப் பெண்.

"பேசாம வா மக்களே."

பின்னால் அந்த டாக்சிக்கே நான் டிரைவர் ஆனேன். வேறு எங்கும் நிலைக்காத என் கால் அங்கே நிலைத்தது. கல்யாணமும் ஆயிற்று. அசடு மாதிரி, முதல் ராத்திரியே இந்தக் கதையைப் பெண்டாட்டியிடம் சொல்லித் தொலைத்தேன். அவள் அதை வீட்டில் எல்லோருக்கும் சொன்னாள். மச்சினன் இன்றைக்கும் பந்தியில் என் இலையைக் காட்டி, "அத்தான், இது நம்ம இலைதானா?" என்று கேட்கிறான்.

எல்லாவற்றையும்விட, மூத்தவன் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் நடந்ததுதான் குடும்பத்தில் நிலைத்துவிட்டது. தாதி குழந்தையைத் துணியில் சுற்றி என்னிடம் நீட்டினாள். நான் கையை நீட்டுவதற்குள், கட்டிலில் கிடந்தவள் தலையைத் தூக்கிக் கூவினாள்:

"சிஸ்டர், இவுககிட்ட குடுக்காதீங்கோ! நம்ம சாமான் இல்லேன்னு சொல்லிப் போடுவாக!"