குருப்பீராவின் புகையிலை

மழைக்காட்டுக்குள் இரண்டு நாள் ஓடப்போகிறேன் என்று நான் அறிவித்தது ஓடுவதற்காக அல்ல. என் மனைவி "போகாதே" என்று சொல்வதற்காக.

பிள்ளைகள் வேலை தேடி பெலேம் நகரத்துக்குப் போன பிறகு வீட்டில் நானும் லிந்தால்வாவும் நாங்கள் படுக்கும் இரண்டு தூளிகளும்தான். அவள் தூளி எப்போதும் காலி. போன மழைக்காலத்தில் எதிர்வீட்டுப் பெண்ணைப் பிரசவ வலியோடு துடுப்புப் படகில் கொண்டுபோனார்கள். குழந்தை நடு ஆற்றிலேயே பிறந்துவிட்டது. அன்றிலிருந்து இவளுக்குப் படகுப் பைத்தியம். நோயாளிகளுக்கு ஒரு மோட்டார் படகு வாங்கியே தீருவதென்று வீடு வீடாக அலைகிறாள். நான் இருமினால், "தண்ணி குடி" என்று தெருவிலிருந்தே சொல்லிவிட்டுப் போவாள். தனியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு மீன் முள்ளோடு பேசும் நிலைக்கு வந்துவிட்டேன்.

அப்போதுதான் படகு நிதிக்காக அந்தக் காட்டு ஓட்டம் வந்தது.

"லிந்தால்வா, நான் ஓடப்போறேன்."

"எங்க?"

"காட்டுல. படகுக்காக."

நெஞ்சில் அடித்துக்கொள்வாள் என்று காத்திருந்தேன்.

"நெஜமாவா, கிழவா?"

"ஜாகுவார் புலி இருக்கும். பாம்பு இருக்கும். நான் திரும்பி வராமலே போயிடலாம்."

"அப்படின்னா ரெட்டிப்பா கொடுப்பாங்க!" செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சாயங்காலத்துக்குள் ஆற்றங்கரை முழுக்க நன்கொடைக்கு வாக்கு வாங்கிவிட்டாள். ஒரே நிபந்தனை, நான் முடிவுக்கோட்டைத் தொடவேண்டும். தொடமாட்டேன் என்ற நம்பிக்கையில் பக்கத்து வீட்டு எதிவால்டு எல்லாரையும்விட அதிகமாக ஒப்புக்கொண்டான்.

புறப்படும்போது லிந்தால்வா ஒரு புகையிலைச் சுருளைக் கையில் திணித்தாள்.

"காட்டுக்குள்ள நுழைஞ்சதும் குருப்பீராவுக்கு மரத்தடியில வெச்சிடு. நீயே ஊதித் தள்ளிடாத."

"வெப்பேன்."

"வெப்பியா?"

"வெப்பேன்னு சொல்றேன்ல!"

குருப்பீரா விஷயத்தில் எங்கள் ஊரில் யாரும் விளையாடமாட்டார்கள். காட்டைக் காக்கும் குள்ள உருவம். பாதங்கள் பின்பக்கம் திரும்பியிருக்கும். மண்ணில் விரல்கள் எந்தப் பக்கம் காட்டுகின்றனவோ, அதற்கு எதிர்ப்பக்கம்தான் அது போயிருக்கும்.

என் திட்டம் சுலபமானது. வழியில் பாழடைந்த மரவள்ளி மாவு வறுக்கும் கொட்டகை ஒன்று உண்டு. அதில் தூளி கட்டிப் படுத்துவிடுவது. ஆளைக் காணோமென்று தேடி வருவார்கள். லிந்தால்வா அழுவாள். பிறகு என்னை எங்கும் விடமாட்டாள்.

மற்றவர்கள் எல்லாரும் என்னைத் தாண்டிப் போனதும் கொட்டகைக்குள் நுழைந்தேன். மழை பிடித்துக்கொண்டது. சும்மா கிடக்க முடியாமல் குருப்பீராவின் புகையிலையை முழுக்கக் குடித்துத் தீர்த்தேன். மழை விட்டது. யாரும் வரவில்லை. திட்டுவதற்குக்கூட ஓர் ஆள் இல்லை. வீட்டிலாவது அவளுடைய காலித் தூளி பக்கத்தில் ஆடிக்கொண்டிருக்கும். இங்கே அதுவும் இல்லை. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். பிறகு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

விடிந்ததும் ஒரு விசில் சத்தம். எட்டிப் பார்த்தேன். கொட்டகையைச் சுற்றி ஈர மண்ணில் சின்னச் சின்ன வெறுங்கால் தடங்கள். விரல்கள் முடிவுக்கோட்டுப் பக்கம் காட்டின. அப்படியென்றால் அது நிற்பது என் முதுகுக்குப் பின்னால்!

ஓடினேன். நின்று மூச்சு வாங்கினால் எதிரே புதுத் தடம். விரல்கள் முன்னோக்கி. ஐயோ, இன்னும் பின்னால்தான் இருக்கிறது! மறுபடி ஓட்டம். ஒரு மரத்தடியில் வாழையிலையில் வறுத்த மீனும் மரவள்ளி மாவும் இருந்தன. பசியில் உயிர் போனது. புகையிலையைத் திருடியவன் மீனையும் தொடுவேனா? வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

பொழுது சாய முடிவுக்கோட்டில் போய் விழுந்தேன். ஊரே கத்தியது. எதிவால்டு முகத்தில் ஈயாடவில்லை. முழங்கால்வரை சேற்றோடு லிந்தால்வா குனிந்து பார்த்தாள்.

"மீன் வெச்சேனே, ஏன் சாப்பிடல?"

"நீயா!"

"ஓடப்போறவன் எவனாவது தலையணை எடுத்துட்டுப் போவானா? உன் பையைத் தூக்கிப் பார்த்தப்பவே தெரிஞ்சுபோச்சு."

"ஆனா அந்தக் காலடி... திரும்பி..."

"நான் நேராத்தான் நடந்தேன். திருப்பிப் போட்டது உன் புத்தி. இத்தனை வருஷமா ஈரக்காலோட வீட்டுக்குள்ள நடக்கிறேன். என் காலடி உனக்குத் தெரியலையா?"

தெரியவில்லை. ஓடிய கால்களைவிட அதுதான் அதிகம் வலித்தது. ரப்பர் காட்டில் வளர்ந்தவள் அவள். நான் அழுதுகொண்டு கிடந்த அந்த இரவு கூப்பிடு தூரத்தில்தான் தூளி கட்டியிருக்கிறாள்.

வீட்டில் அன்று இரண்டு தூளியிலும் ஆள் இருந்தது. அவள் கால்களுக்கு நான் எண்ணெய் தேய்த்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"அடுத்த வருஷம் நீ போகாதே, கிழவா."

இதைக் கேட்கத்தானே இத்தனை பாடு!

"ஏன், லிந்தால்வா?"

"என் பேரைக் கொடுத்துட்டேன். நீ வீட்டுல இருந்து மீனைக் காயவை."